ஆப் ரெடியா? அப்படியானால் 12 பேரைப் பிடியுங்கள்!

திண்டிவனம் ரயில் நிலையம். காலை நேரம். சென்னைக்கு வேலைக்குப் போகும் கூட்டம் பிளாட்பாரத்தில் நிற்கிறது. முன்பெல்லாம் வண்டி வருகிறதா என்று விளிம்பில் நின்று மயிலம் பக்கம் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறையை இரண்டு தடவை சுற்றி வருவார்கள். இப்போது கழுத்துக்கு அந்த வேலை இல்லை.

"இன்னா சார், வண்டி எங்க வருது?"

"பேரணி தாண்டிடுச்சுப்பா. ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்."

சொன்னது கையில் இருக்கும் செல்போன். 'வேர் ஈஸ் மை டிரெயின்' என்ற ஆப். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இன்டர்நெட் கூட வேண்டாம். வழியில் இருக்கும் செல் டவர்களை வைத்தே வண்டி எந்த ஸ்டேஷனைத் தாண்டுகிறது என்று சொல்லிவிடும்.

இதைச் செய்தது ரயில்வேயா? இல்லை. அமெரிக்காக்காரர்களா? அவர்களும் இல்லை. பெங்களூரில் 'சிக்மாய்டு லேப்ஸ்' என்ற சிறிய கம்பெனி செய்தது. ஆப் நாடு முழுக்கப் பரவியது. 2018 டிசம்பரில் கூகுள் அந்தக் கம்பெனியை அப்படியே விலைக்கு வாங்கிவிட்டது!

டீ குடிக்கும் இளவட்டங்களுக்கு இதைக் கேட்டதும் ஒரு யோசனை வரும். "நாமும் ஒரு ஆப் போட்டா என்ன?"

போடலாம். தாராளமாகப் போடலாம். ஆனால் ஆப் எழுதுவது ஒரு கரை. அதைக் கடையில் ஏற்றுவது எதிர்க்கரை. நடுவில் மழைக்காலத்துச் சங்கராபரணி மாதிரி ஒன்று ஓடுகிறது. பல பையன்கள் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

ரிக் வண்டி ஊரில் காலண்டர்!

"அதெல்லாம் பெங்களூரு, சென்னைக்காரங்க வேலைப்பா. விழுப்புரத்துல உட்கார்ந்துகிட்டு ஆகிற காரியமா?" என்று கேட்பவர்கள் திருச்செங்கோட்டைப் பார்க்க வேண்டும்.

திருச்செங்கோடு என்றால் மலைமேல் அர்த்தநாரீசுவரர் நினைவுக்கு வருவார். அடுத்தபடி போர்வெல் போடும் ரிக் லாரிகள். வட இந்தியா வரைக்கும் போய்த் துளை போட்டுவிட்டு வருகிற லாரிகள் அந்த ஊர் லாரிகள். அதே ஊரில் இருந்துதான் 'நித்ரா' கம்பெனியின் தமிழ் காலண்டர் ஆப் வெளிவருகிறது. கூகுள் கடையில் அது 1 கோடி தடவைக்கு மேல் இறக்கப்பட்டிருக்கிறது.

அதில் அப்படி என்ன அதிசயம்? ஒன்றும் கிடையாது. மளிகைக் கடை சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டர்தான். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், கிருத்திகை, பிரதோஷம். காலையில் தாளைக் கிழிக்கிறோம் அல்லவா? அந்தத் தாளைச் செல்போனுக்குள் வைத்தார்கள். வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் தினமும் பார்க்கிற சமாசாரம் என்பதால் தினமும் ஆப்பைத் திறக்கிறார்கள். அதே கம்பெனி 'சொல்லி அடி' என்று ஒரு தமிழ் வார்த்தை விளையாட்டும் போட்டிருக்கிறது.

தமிழ் எழுத்து செல்போனில் ஏறிய கதையும் இப்படித்தான். பெரிய போன் கம்பெனிகளுக்காகக் காத்திருக்காமல், மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 'செல்லினம்' என்ற செயலியைச் செய்தார். அது 2005 பொங்கலுக்குச் சிங்கப்பூரில் வெளிவந்தது. ஐபோன் என்ற ஒன்றே அப்போது பிறக்கவில்லை!

ஆக, ஊர் சின்னதாக இருப்பது ஒரு குறையல்ல. ஊருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

விழுப்புரத்துக்காரர்களுக்கு என்ன வேண்டும் என்று 2024 டிசம்பரில் நன்றாகவே தெரிந்தது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை! விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதும் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூர் பக்கம் தென்பெண்ணை வெள்ளம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே ஓடியது. எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் சுற்றிப் போகலாம் என்று ஆளுக்கு ஆள் போனில் கேட்டுத் தவித்தார்கள். மாநில அரசின் 'டி.என். அலர்ட்' ஆப் மழை எச்சரிக்கை கொடுக்கும். ஆனால் கூட்டேரிப்பட்டில் இருந்து எப்படி வீட்டுக்குப் போவது என்பதை, அந்த ரோட்டில் தினமும் போகிற ஒருவன்தான் யோசித்து எழுத முடியும். அதுவும் நெட் இல்லாத நேரத்தில் ஓடுகிற மாதிரி எழுத வேண்டும். ரயில் ஆப்காரர்கள் செய்த வித்தை அதுதானே.

மூன்று புலி, பதினைந்து ஆடு

ஒரு திண்டிவனம் வாலிபரைக் கற்பனை செய்துகொள்வோம். இன்ஜினீயரிங் முடித்தவர். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. ஏதோ ஒன்றில் படித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சென்னைக்குப் போய் மேன்ஷனில் கிடப்பதற்கு முன்னால் ஆறு மாதம் பார்த்துவிடுவோம்' என்று வீட்டில் கேட்டு வாங்கியிருக்கிறார். ஆடு புலி ஆட்டத்தைச் செல்போன் விளையாட்டாகப் போட ஆசை.

மூன்று புலி, பதினைந்து ஆடு. பாட்டி கோயில் மண்டபத்துக் கல்தரையில் கோடு கிழித்து ஆடிய ஆட்டம். புலி ஆட்டைத் தாண்டி வெட்ட வேண்டும். ஆடுகள் சேர்ந்து புலியை நகரவிடாமல் மறிக்க வேண்டும். பார்க்கச் சுலபம். ஆனால் மனிதன் ஆடாகவும் செல்போன் புலியாகவும் ஆட வேண்டுமென்றால் புலிக்கு மூளை எழுத வேண்டுமே! முட்டாள் புலி என்றால் இரண்டு நாளில் ஆட்டம் சலித்துவிடும். மகா கெட்டிக்காரப் புலி என்றால் முதல் ஆட்டத்திலேயே தோற்று ஆப்பை அழித்துவிடுவார்கள். நடுத்தரப் புலி வேண்டும். வேலையில் பாதி இதிலேயே போய்விடும்.

கருவிகளுக்குக் காசு கிடையாது. 'ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ' இலவசம். ஆனால் கம்ப்யூட்டரில் குறைந்தது 8 ஜி.பி. ராம் கேட்கும். பழைய லேப்டாப் என்றால் மூச்சு வாங்கும். விளையாட்டுக்கென்றே உள்ள 'கோடோ' என்ற கருவி அதைவிட லேசானது. அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் எழுதி 2014-ல் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. சொல்லிக் கொடுக்கும் வீடியோக்கள் தமிழிலேயே கிடைக்கின்றன.

புலி நன்றாகப் பாய்கிறது. ஆடு மறிக்கிறது. அம்மா ஆடிப் பார்த்து, "பரவாயில்லடா, எங்க ஆயா ஆடின மாதிரியே இருக்குது" என்று சொல்லிவிட்டார். இனி கடையில் ஏற்ற வேண்டியதுதான்!

இனிமேல்தான் கூத்து

கூகுள் கடையில் கணக்குத் தொடங்க 25 டாலர். ஒரே தடவை கட்டினால் போதும். நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம். ஐபோன் கடை என்றால் வருஷத்துக்கு வருஷம் 99 டாலர். ஆப்பைக் கட்டி அனுப்ப ஆப்பிள் கம்ப்யூட்டரும் வேண்டும். நம் வாலிபர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

25 டாலர் கட்டியாயிற்று. ஆப்பை ஏற்றியாயிற்று. பட்டனை அமுக்கினால் உலகத்துக்கே தெரிய வேண்டியதுதானே? அதுதான் இல்லை!

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் பெயரில் கணக்குத் தொடங்கியவர்களுக்குக் கூகுள் ஒரு நிபந்தனை போட்டது. கடையில் வைப்பதற்கு முன் 20 பேர் அந்த ஆப்பைத் தங்கள் போனில் வைத்துச் சோதிக்க வேண்டும். அதுவும் தொடர்ந்து 14 நாள்! தனி ஆளாக வேலை செய்பவர்கள் உலகம் பூராவும் கூச்சல் போட்டார்கள். 2024 டிசம்பரில் 20 பேரை 12 பேர் ஆக்கினார்கள். 14 நாள் அப்படியே நிற்கிறது.

12 பேர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பிடித்துப் பார்த்தால் தெரியும்.

அக்கா ஒன்று. மாமா இரண்டு. கூடப் படித்தவர்கள் நாலு பேர். அவர்களில் ஒருவர் ஐபோன் வைத்திருப்பவர், கணக்கில் வரமாட்டார். மளிகைக் கடை அண்ணாச்சி சரி என்பார். ஆனால் அவருடைய கூகுள் கணக்கின் ஈமெயில் என்ன என்று அவருக்கே தெரியாது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் போன் விற்ற கடைக்காரப் பையன் ஏதோ ஒரு பெயரில் தொடங்கிக் கொடுத்தது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் போகும்.

ஒருவழியாக 12 பேர் சேர்ந்து எண்ணிக்கை ஓடத் தொடங்கும். ஒன்பதாம் நாள் போன் வரும்.

"தம்பி, போன்ல இடம் இல்லன்னு காட்டுச்சு. உன் ஆட்டுப்புலியில இருந்து விலகிட்டு அழிச்சிட்டேன். ஒண்ணும் தப்பில்லையே?"

"ஐயோ மாமா! ஏன் மாமா இப்படி பண்ணீங்க?"

தொடர்ந்து 14 நாள் 12 பேர் இருந்தாக வேண்டும். மாமா விலகியதும் பதினொன்று. இதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் 12 பேரோடு நிறுத்தமாட்டார்கள். இருபது பேரையாவது பிடித்து வைப்பார்கள்.

ஆள் கிடைக்காதவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 'நீ என் ஆப்பை வை, நான் உன் ஆப்பை வைக்கிறேன்' என்று வாட்ஸப், டெலிகிராமில் கோஷ்டி சேர்க்கிறார்கள். நம்ம ஊர் மொய் மாதிரிதான். வைத்த மொய்யைத் திருப்பி வைக்க வேண்டும்! காசு வாங்கிக்கொண்டு 12 பேரை சப்ளை செய்யும் ஆசாமிகளும் கிளம்பிவிட்டார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. 14 நாள் முடிந்ததும் கூகுள் கேள்வித்தாள் கொடுக்கும். சோதித்தவர்கள் என்ன குறை சொன்னார்கள்? நீங்கள் எதைத் திருத்தினீர்கள்? மொய்க்கு வந்தவர்கள் ஆப்பைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். என்னவென்று பதில் எழுதுவது? "புலி ரெண்டு தடவை தாவுது, அது தப்பாச்சே" என்று சொல்கிற அக்கா ஒருவர், வெளிநாட்டுக் கோஷ்டி பத்துப் பேருக்குச் சமம்.

கம்பெனி பெயரில் கணக்குத் தொடங்கினால் இந்த 12 பேர் தொல்லை கிடையாது. ஆனால் கம்பெனியைப் பதிவு செய்ய வேண்டும், 'டன்ஸ்' எண் என்று ஒன்பது இலக்க எண் ஒன்று வாங்க வேண்டும். ஒண்டி ஆளுக்கு அது யானை வாங்கிய கதை.

வேறு சில விஷயங்களிலும் உஷாராக இருக்க வேண்டும். ஆப்புக்கு உள்ளே 'பாக்கேஜ் பெயர்' என்று ஒன்று கொடுக்க வேண்டும். வெளியே தெரிகிற பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இதை மட்டும் கடையில் ஏறிய பிறகு மாற்றவே முடியாது. விளையாட்டாக நண்பன் பெயரை வைத்தால் கடைசிவரை நண்பன் பெயர்தான். இன்னொன்று விலாசம். ஆப் மூலம் காசு பார்ப்பதாக இருந்தால், தனிநபரானாலும் முழு விலாசமும் கடையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கதவு எண்ணில் இருந்து பின்கோடு வரை! இது முன்கூட்டியே தெரியாமல் ஏற்றிவிட்டு, வீட்டில் திட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள்.

காசு எங்கே வரும்?

பெரும்பாலான சின்ன விளையாட்டுகளுக்கு விளம்பரம்தான் வருமானம். ஒரு ஆட்டம் முடிந்ததும் ஒரு விளம்பரம் வரும். பார்த்தவர்கள், தொட்டவர்கள் கணக்குப்படி காசு சேரும்.

இதில் கொழுத்த கதை வியட்நாம் வாலிபர் ஒருவருடையது. ஹனோய் நகரத்து டோங் நுயென். ஒரு குருவியைத் தட்டித் தட்டிக் குழாய்களுக்கு நடுவே பறக்கவிடுகிற 'பிளாப்பி பேர்ட்' விளையாட்டைச் சில நாட்களில் எழுதி 2013 மே மாதம் வெளியிட்டார். பல மாதம் யாரும் சீந்தவில்லை. 2014 ஜனவரியில் திடீரென்று உலகமே அதை ஆடியது. விளம்பரத்தில் மட்டும் தினசரி 50 ஆயிரம் டாலர் வருவதாகச் செய்தி வந்தது! பிப்ரவரியில் அவரே அதைக் கடையில் இருந்து எடுத்துவிட்டார். ஜனங்கள் அதற்கு அடிமையாகிவிட்டார்கள், தன் நிம்மதியும் போய்விட்டது என்றார். காசு கொட்டுகிற கடையைத் தானே இழுத்து மூடிய மனுஷன்!

அப்படி ஒருவர் ஜெயித்தால் லட்சம் பேருக்கு டீச் செலவு கூட வராது. அதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

வருகிற சின்னக் காசையும் கோட்டை விடுவதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. பாசம்தான்! பையன் விளையாட்டில் விளம்பரம் வருகிறது, தொட்டால் அவனுக்குக் காசு என்று தெரிந்ததும் அக்காவும் அத்தையும் மாறி மாறித் தொடுவார்கள். கூடப் படித்தவன் ராத்திரி முழுக்கத் தட்டுவான். கூகுளுக்கு இது கள்ளக் கணக்கு. கணக்கையே மூடிவிடுவார்கள். மூடினால் வேறு பெயரில் தொடங்குவதும் குற்றம். வேலை நடக்கும்போது உண்மை விளம்பரத்தைத் தொடாமல் சோதனை விளம்பரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். சொந்தக்காரர்களிடம் முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்: "ஆடுங்க, தொடாதீங்க!"

ஆப்புக்குள்ளேயே சரக்கு விற்றால் கடைக்காரருக்குக் கமிஷன் உண்டு. புலிக்குப் புது வேஷம், கூடுதல் ஆட்டம் மாதிரி கண்ணுக்கு மட்டும் தெரிகிற சரக்கு. ஆரம்பத்தில் 30 சதவீதம் வாங்கினார்கள். 2021 ஜூலையில் இருந்து வருஷத்தின் முதல் 10 லட்சம் டாலர் விற்பனைக்கு 15 சதவீதம் என்று கூகுள் குறைத்தது. மளிகை சாமான், வேட்டி, மணிலாப் பயிறு விற்கிற ஆப்களுக்கு இந்தக் கமிஷன் கிடையாது. வியாபாரிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்தக் கமிஷன் தகராறில் பெரிய மனிதர்களே அடிபட்டிருக்கிறார்கள். 2024 மார்ச் 1-ந் தேதி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'பாரத் மேட்ரிமோனி' உட்படச் சில இந்தியக் கம்பெனிகளின் ஆப்களைக் கூகுள் கடையில் இருந்து தூக்கியது. கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற ஆப் ஒரே நாளில் காணாமல் போனது! மத்திய மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்ப வைத்தார்கள். அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், இந்தப் பணம் வசூலிக்கும் முறைக்காக இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936 கோடியே 44 லட்சம் ரூபாய் அபராதம் போட்டிருந்தது. 2025 மார்ச்சில் அப்பீல் தீர்ப்பாயம் அதை 216 கோடியே 69 லட்சமாகக் குறைத்தது. யானைகள் சண்டை. அடியில் புல்லாக நம் ஆட்டுப்புலி வாலிபர் நிற்கிறார்.

இன்னொரு ஆசையும் வரும். "ஆட்டத்துல பந்தயம் வெச்சா நல்லாக் காசு வருமே?" வேண்டவே வேண்டாம்! 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டப்படி, பணம் கட்டி ஆடுகிற விளையாட்டை நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 1 கோடி ரூபாய் வரை அபராதம். ரம்மியோ, ஆடு புலியோ, காசு வைத்தால் ஒன்றுதான். ஆன்லைன் ரம்மியில் காசை விட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் எத்தனை தடவை வந்திருக்கின்றன!

கூட்டு ரோட்டில் ஒரு கட்டிடம்

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி ரோட்டில் போனால் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோடு. வானூர் தாலுகா, விழுப்புரம் மாவட்டம். அங்கே 31 கோடி ரூபாயில் 63 ஆயிரம் சதுர அடிக்கு மினி டைடல் பூங்கா கட்டி, 2024 பிப்ரவரி 17-ந் தேதி அப்போதைய முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். சென்னைக்கு ஓடாமல் கம்ப்யூட்டர் வேலை ஊர்ப் பக்கமே கிடைக்கட்டும் என்பது திட்டம். பெரிய கட்டிடம் வந்தது நல்லதுதான். ஆனால் ஒண்டியாக ஆப் எழுதுகிற பையனுக்கு 63 ஆயிரம் சதுர அடி தேவைப்படாது. ஒரு மேஜை, நிற்காத கரண்ட், கூட உட்கார்ந்து குறை சொல்ல நாலு பேர். அந்த நாலு பேர் இருந்தால் 12 பேரில் மூன்றில் ஒரு பங்கு வேலை முடிந்த மாதிரி. இரண்டு இன்ஜினீயரிங் கல்லூரிகளிலும் இறுதியாண்டு மாணவர்கள் ஒருவர் ஆப்பை ஒருவர் சோதிப்பது என்று வைத்துக்கொண்டால் வெளியே மொய் எழுத வேண்டிய அவசியமே இராது. இதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை.

சரி, நம் வாலிபரின் ஆட்டம் கடையில் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மாமாவுக்குப் பதில் வேறு ஆள் பிடித்து, 14 நாள் ஓட்டி, கேள்வித்தாளுக்குப் பதில் எழுதி, அனுமதியும் வந்துவிட்டது. நூறு பேர், இருநூறு பேர் என்று ஆடுகிறார்கள். கணக்கில் 10 டாலர் சேர்கிறது. உடனே பணம் வந்துவிடாது. 100 டாலர் சேர்ந்த பிறகுதான், அதுவும் மாதம் 21-ந் தேதிக்கு மேல், பாங்கிக்கு அனுப்புவார்கள்.

10 டாலர் ஆனதும் வருவது ஒரு தபால். ஆம், சாதாரணத் தபால்! இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி, ஆள் நிஜமாகவே அந்த விலாசத்தில் இருக்கிறாரா என்று பார்க்க, ரகசிய எண் அச்சடித்த கவரைத் தபாலில் அனுப்புகிறது. வந்து சேர இரண்டு வாரம், நாலு வாரம் ஆகும். நாலு மாதத்துக்குள் அந்த எண்ணைக் கணக்கில் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். கவர் பார்க்கச் சின்னதாக, ஏதோ விளம்பர நோட்டீஸ் மாதிரி இருக்கும். ஆகவே வாலிபர் இப்போது புலியையும் ஆட்டையும் விட்டுவிட்டு, தபால்காரர் வருகிற நேரம் பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

"சார், எனக்கு ஏதாவது இருக்குதா?"

"இன்னைக்கு இல்ல தம்பி. நாளைக்குப் பார்க்கலாம்."